ஒஹாயோவில் ஒரு பால் பை

லோர்னா பெட்ரிக், கனடாவின் ஹாமில்டன் நகரை விட்டு நகராமலேயே அமெரிக்காவின் பாதி மாநிலங்களைப் படமெடுத்து முடித்த டைரக்டர். எல்லையைத் தாண்டி வரும் தயாரிப்பாளர்களுக்கு இங்கே செலவு குறைவு. ஊரும் சொன்ன வேஷத்தை வாய் திறக்காமல் போட்டுக்கொள்ளும். ஆகஸ்ட் வெயிலில் காகிதப் பனி தூவி, நடிகர்களைக் கம்பளிக் கோட்டில் வேகவைத்துத் தொலைக்காட்சிக்குக் கிறிஸ்துமஸ் படம் எடுப்பாள். மேப்பிள் இலை போட்ட கனடாக் கொடி, கார் நம்பர் பலகை, தபால் பெட்டி எதுவும் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள்.

இரும்பாலைக்குக் கிளம்பும்போது கணவன் டூகல் தினமும் சீண்டுவான்.

"இன்னிக்கு நம்ம ஊரு எந்த ஊரு?"

"ஒஹாயோ."

"போன வாரம் வெர்மான்ட்டுன்ன! அது அதுவா இருக்க எப்பத்தான் விடப்போற?"

சிரித்துவிட்டுப் போவாள். ஆனாலும் அது உள்ளே குத்தும்.

அந்த ஒஹாயோ படத்தில்தான் அவள் வாழ்நாளின் மிகச் சிறந்த காட்சி அமைந்தது. கோபித்துக்கொண்டு போன மகன் திரும்பி வந்திருக்கிறான். தாயாக நடித்த பெர்னிஸ் பேசாமல் அவனுக்குப் பாலை ஊற்றுகிறாள், அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். ஒரே டேக். விளக்குப் பிடித்தவர்கள்கூட மூக்கை உறிஞ்சினார்கள்.

படத்தொகுப்பைப் பார்த்துவிட்டுத் தயாரிப்பாளர் வேட் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து கூப்பிட்டான்.

"லோர்னா, அந்தம்மா கையில இருக்கற ஜாடிக்குள்ள என்ன அது, பிளாஸ்டிக் பை?"

"பால்."

"பால் எதுக்குப் பையில இருக்கு? அமெரிக்காவுல பால் கேன்லயோ அட்டைப் பெட்டியிலயோதான வரும்! ஒஹாயோவுல எவன் வீட்ல இப்படி இருக்கும்? சீனைத் தூக்கிடு."

யானைக்கும் அடி சறுக்கும். கொடியைத் தேடித் தேடி மறைத்தவர்கள் ஒருவர் கண்ணிலும் பை படவில்லை. எப்படிப் படும்? ஹாமில்டன்காரர்களுக்குப் பால் பையில் இல்லாமல் வேறு எதில் இருக்கும்? படம் பிடித்த வீட்டையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. லோர்னாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். பாலை ஊற்றிவிட்டுப் பெர்னிஸ் அடுப்புப் பக்கம் திரும்புகிறாள், முகம் தெரியவில்லை. மகன் முகமும் கோப்பைக்குள். வாயசைவு தெரியாது, புதுசாகக் குரல் சேர்க்க அது போதும்! இருவரையும் கையோடு ஒலிப்பதிவுக்கு வரவழைத்தாள். முணுமுணுத்துக்கொண்டே வேட் ஒப்புக்கொண்டான்.

படம் ஒளிபரப்பான மாலை, மதுக்கடையில் தெருவே கூடியிருந்தது. திரையில் மகன் கேட்டான்: "ஹாமில்டன விட்டு வந்து இத்தன வருஷமாச்சு, இன்னும் பைப் பால்தானாம்மா?"

அடுப்பைப் பார்த்தபடி தாய் சொன்னாள்: "எங்க ஊர்ல அப்படித்தான்டா. நீ குடி."

கடை கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி கத்தியது. டூகல் மட்டும் கத்தவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தான். லோர்னாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மறுநாள் காலையிலும் கேட்டான்: "இன்னிக்கு நம்ம ஊரு எந்த ஊரு?"

"பென்சில்வேனியா."

"அப்ப மறக்காமப் பாலை எடுத்துக்கிட்டுப் போ."