நல்லதண்ணிப்பட்டி மருமகள்

ஊர்ப் பேரை நம்பித்தான் வெயிலுகந்தம்மாளைக் கட்டிக்கொடுத்தார்கள். தாமிரபரணிக் கரையில் பிறந்தவள். கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காட்டில் மாப்பிள்ளை என்றதும் அவளுடைய அம்மா முகம் சுளித்தாள். ஊர் நல்லதண்ணிப்பட்டி என்று சொன்ன பிறகுதான் வெற்றிலை மாற்றச் சம்மதித்தாள்.

வந்த அன்றே கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்தவள், "இதுல உப்ப யாரு போட்டது?" என்று கேட்டாள்.

"நம்ம மண்ணுதான். பழகிரும்," என்றான் புருசன் சங்கிலிப்பாண்டி.

பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, அவளுக்கும் பழகவில்லை. பின்னே எதற்கு இந்தப் பேர் என்று களையெடுக்கப் போன இடமெல்லாம் விசாரித்தாள். ஏதோ ஒரு ராசா குதிரைக்குத் தண்ணீர் காட்டிய இடம் என்றார்கள் சிலர். ஊருக்குப் பெண் கிடைக்காத காலத்தில் பெரியவர்கள் கூடி வைத்த பேர் என்றாள் ஒருத்தி. அவள் அதைத்தான் நம்பினாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் ஒருநாள் பஸ்ஸில் கண்டக்டர் நந்தகோபாலிடம், "உப்புத்தண்ணிப்பட்டி ஒண்ணு குடுங்க அண்ணாச்சி," என்றாள்.

"அப்படி ஒரு ஊரு இந்த ரூட்டுலயே இல்லையேம்மா."

"இதக் குடிச்சிட்டுச் சொல்லுங்க," என்று தூக்குச்சட்டியை நீட்டினாள்.

குடித்தவர் ஜன்னல் வழியே துப்பினார். மறுநாளிலிருந்து அந்த நிறுத்தத்தில், "உப்புத்தண்ணிப்பட்டி எல்லாம் எறங்கு," என்று கூவ ஆரம்பித்தார். பேர் பருத்திச் சந்தை வரை போய்விட்டது. ஊரில் பேசி வைத்திருந்த இரண்டு சம்பந்தங்களும் நின்றுபோயின.

பஞ்சாயத்துத் தலைவர் அய்யாத்துரை ஊரைக் கூட்டினார். "ஊர் மானத்த பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டியேம்மா. பேர ஒழுங்காச் சொல்லு."

"தண்ணிய நீங்க மாத்துங்க. பேர நான் மாத்துதேன்."

அப்போதுதான் கூட்டத்தில் ஒருவருக்கு ஊரின் பழைய ஊருணி நினைவு வந்தது. அதில் தேங்கிய மழைத் தண்ணீரைப் பார்த்துத்தான் முன்னோர்கள் வண்டியை அவிழ்த்துப் போட்டு இங்கே குடியேறினார்களாம். கிணறு வெட்டிய பிறகு யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வண்டல் மூடி, வேலிக்கருவை காடாய் நின்றது.

அந்தக் கோடையில் வீட்டுக்கு ஓர் ஆளாக ஊருணியைத் தூர்வார இறங்கினார்கள். முதல் மண்வெட்டி அவளுடையது. சங்கிலிப்பாண்டி முனகிக்கொண்டே மண் சுமந்தான். அள்ளிய வண்டலைப் பருத்திக் காட்டில் கொட்டியதில் செடி மார்பளவு வளர்ந்தது. ஐப்பசி மழையில் ஊருணி நிறைந்தது. தெளிந்ததும் ஊரே பார்த்திருக்க ஒரு கை அள்ளிக் குடித்தாள்.

"எப்படியிருக்கு?" என்றார் அய்யாத்துரை.

"சேத்து வாடை அடிக்கு. ஆனா உப்பு இல்ல."

சொன்னபடியே கண்டக்டரிடம் பழைய பேரைச் சொல்லி டிக்கெட் வாங்கினாள். அதற்குப் பிறகு ஊருணி அவளுடைய ராஜ்ஜியமாகிவிட்டது. எருமைகளை விரட்டினாள், துணி துவைக்க வந்தவர்களை விரட்டினாள். ஒருநாள் முகம் கழுவ வந்த அய்யாத்துரையையும் படியில் மறித்தாள்.

"செருப்ப அங்கன விடுங்க அண்ணாச்சி. செம்புல மோந்துட்டுப் போயி கரைக்கு அங்கிட்டு வச்சுக் கழுவுங்க."

தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை என்றதும் செருப்பைக் கழற்றினார்.