பள்ளத்தில் கிடக்கும் கிளிஃபர்ட்

"குனிங்க தாத்தா, குனிங்க! தலைய ஏன் தூக்குறீக?" ஹெட்போனைக் கழற்றாமலே அதட்டுகிறார் கிளாரா. தாத்தா குனிந்து எண்பது வருடம் ஆகிறது. அதுவும் ஹாலந்தில்.

ராயப்பன்பட்டியில், திராட்சைக்கு அடிக்கும் மருந்து டின்களுக்கு நடுவே ஒரு மேசை. அதுதான் கிளாராவின் ஆபீஸ். இரண்டாம் உலகப் போரில் கடல் கடந்து போய்ச் சண்டை போட்ட கனடாச் சிப்பாய்கள், இப்போது தள்ளாத வயதில் தங்கள் நினைவுகளைப் பேசிப் பதிவு செய்கிறார்கள். மிஷின் அதை இங்கிலீஷில் எழுதிவிடும். கேட்டுத் திருத்துவது கிளாராவின் வேலை. கிழவர்கள் விம்மினால் மிஷின் 'சிரிப்பு' என்று போட்டுவிடுகிறது. "அது எந்த எழவு வீட்டுக்குப் போயிருக்கு, பாவம்" என்று அதை அடித்து 'அழுகை' என்று மாற்றுவார். மாற்றும் முன் தானும் கொஞ்சம் அழுதுகொள்வார்.

யாராவது ஒரு சிப்பாய் பட்டினி கிடந்ததாகச் சொன்னால் அன்று கிளாராவுக்குச் சோறு இறங்காது. கணவர் பங்கிராசுக்கும் இறங்காது. கிளாரா அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்.

போன அக்டோபரில்தான் வினை வந்தது. வால்ட்டர் என்ற தாத்தாவின் பதிவு. குண்டு விழுகிறது. காலில் அடிபட்ட கூட்டாளி கிளிஃபர்ட், வெள்ளம் நிறைந்த பள்ளத்தில் விழுகிறார். வால்ட்டர் அவர் சட்டைக் காலரைப் பிடிக்கிறார். அத்தோடு ஃபைல் முடிந்துவிட்டது. நீளமான பேச்சுகளைக் கம்பெனி துண்டு போட்டு ஆளுக்கொன்றாகக் கொடுக்குமாம்.

"கரையேறுனாகளா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க தம்பி" என்று சூப்பர்வைசரிடம் போனில் கெஞ்சினார்.

"அது உங்க ஃபைல் இல்ல மேடம்" என்று அவர் வைத்துவிட்டார்.

"பந்தலுக்கு மருந்தடிக்க ஆளக் காணோம். இவளுக்குக் கனடாக்காரன் பள்ளத்துல கெடக்கானாம்" என்று பங்கிராஸ் தெருவெல்லாம் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரனான நானும் சேர்ந்து சிரித்தேன்.

கல்லறைத் திருநாள் நெருங்கியது. இறந்தவர்களுக்கான பூசையில் கிளிஃபர்ட் பேரைக் கொடுப்பதா, உடல்நல வேண்டுதலில் கொடுப்பதா? கிளாரா கோயில் பங்குச்சாமியிடமே போய்விட்டார்.

"உசுரோட இருக்கவுகள எறந்தவுக பூசையில வாசிச்சா பாவமில்லையா சாமி?"

"வயசு என்னம்மா இருக்கும்?"

"நூற ஒட்டி இருக்கும்."

"அப்படீன்னா எப்படியும் இந்நேரம்..."

"வால்ட்டர் தாத்தா இருக்காகல்ல சாமி?"

சாமி தாடையைச் சொறிந்தார். "ரெண்டுலயும் வாசிச்சிருவோமா?"

"ஒரு ஆளு எப்படி சாமி ரெண்டுலயும் இருப்பாக?"

வெளியே வந்த கிளாராவிடம், "விட்டுத் தொலைங்களேன்" என்றேன்.

"நான் கேட்டுக்கிட்டு இருக்கையிலதான அவுக விழுந்தாக. தண்ணிக்குள்ள விட்டுட்டு எங்கன போக?" என்றார். முகம் வாடிக் கிடந்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

திருநாளன்று கல்லறைத் தோட்டமெங்கும் மெழுகுவர்த்தி. கிளாரா மாமனார் கல்லறைக்குப் பக்கத்தில் புல்லைப் பிடுங்கி, கையகல இடம் செய்து, ஒரு மெழுகுவர்த்தியை நட்டார். பற்றவைக்கவில்லை. தீப்பெட்டியைப் பக்கத்தில் வைத்தார்.

"செத்திருந்தாகன்னா அவுகளே வந்து பத்த வச்சுக்கிறட்டும்."

மலைப்பக்கமிருந்து தூறல் இறங்கியது. எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். பாதி வழியில் கிளாரா மட்டும் திரும்பினார். தலைக்குப் போட்டிருந்த பாலிதீன் பையைக் கழற்றி, தீப்பெட்டி நனையாமல் சுற்றி வைத்துவிட்டு, நனைந்துகொண்டே வந்தார்.