துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்

பசுந்தாங் ஓடைக்கரையில் அந்தப் பெரிய நெல் ஆலை எரிந்ததே, போன மழைக்காலத்தின் கடைசியில் நடந்தது இது. ரங்கூனில் அதை மறந்தவர் இருக்க முடியாது. கருகிய அரிசி வாசம் தெருத்தெருவாகத் தங்கியிருந்தது. காயப் போட்ட வேட்டியில் எல்லாம் உமிச் சாம்பல். வாலிபத்தில் நான் மூட்டை சுமந்தது அந்த ஆலையில்தான். அதன் கங்காணி ஒருவன் இருந்தான், அவனைப் பற்றியே நாள் முழுக்கச் சொல்லலாம். அது கிடக்கட்டும். அந்தக் கருகல் வாசம் போவதற்குள் நாங்கள் துப்பாக்கிகளைப் பறிகொடுத்தோம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். கெட்ட வார்த்தை வந்தால் எழுத மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். ஆகையால் என் கோபத்தில் பாதிதான் உங்களுக்கு வந்து சேரும்.

மூட்டை தூக்கி முதுகு விட்டுப்போன பிறகு, கியாக்தானுக்கு அப்பால் காட்டோரமாகக் கொஞ்சம் நிலம் பிடித்தேன். வீடு பசுந்தாங்கில், வயல் அங்கே, போக வரப் படகு. யாருக்கும் வேண்டாத நிலம் என்பதால்தான் எனக்குக் கிடைத்தது. ஏன் வேண்டாம் என்றால், பன்றி. கதிர் பால் பிடிக்கிற வாசம் அதற்கு எப்படித்தான் தெரியுமோ, குட்டியும் குடும்பமுமாக வந்து இறங்கிவிடும். தின்பது கொஞ்சம், புரண்டு அழிப்பது மிச்சம். தகரம் தட்டினால் முதலில் பயப்படும். பழகிவிட்டால் தகரச் சத்தம் அதற்குச் சாப்பாட்டு மணி. துப்பாக்கி வெடித்தால்தான் ஓடும்.

என்னிடம் இருந்தது வாய்வழியே மருந்து கெட்டிக்கிற ஒற்றைக்குழல். பக்கத்து வயல்காரரிடமும் அதே மாதிரி ஒன்று. அவர் பர்மியர். என்னைவிட மூத்தவர் என்பதால் கோஜி என்று கூப்பிடுவேன். அண்ணன் என்பது போல. அவருடைய துப்பாக்கியின் கட்டை பிளந்து, அதை எருமைத்தோல் வாரால் இறுக்கிச் சுற்றியிருப்பார். சுடும்போது கண்ணை மூடிக்கொள்வார். பன்றிக்கு அது தெரியாதே, ஆகவே பரவாயில்லை.

இப்படி இருக்கையில் சட்டசபைக்கு ஒரு மசோதா வருகிறது என்று படகில் பேசிக்கொண்டார்கள். கொள்ளைக்காரர்கள் குடியானவன் வீட்டுத் துப்பாக்கியைத் திருடிக்கொண்டு போகிறார்களாம். போகிறார்கள், பொய் இல்லை. அதற்காகச் சின்னக் குடியானவன் துப்பாக்கியெல்லாம் போலீஸ் டாணாவில் கிடக்க வேண்டுமாம். தேவைப்படும்போது போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளலாமாம். எங்கள் வயலிலிருந்து டாணாவுக்குச் சேற்றில் அரைநாள் நடை. பன்றியைப் பார்த்து, ‘கொஞ்சம் இரு, வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும் போல. இந்தச் சட்டத்தை எழுதியவன் நெல்லைச் சோறாகத்தான் பார்த்திருப்பான்.

எங்கள் சட்டசபை மெம்பர் ஒரு வக்கீல், நம் ஆள்தான். வோட்டுக் கேட்டு வந்தபோது என் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தவர். வீட்டு வரி கட்டுகிற எனக்கு ஒரு வோட்டு உண்டு, போட்டேன். அந்த உரிமையில் அவர் ஆபீசுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

“ஒருத்தர் வந்து சொன்னா அது ஒருத்தர் பேச்சு, பெரியவரே. லைசன்ஸ்காரங்களாச் சேர்ந்து வாங்க. நான் சபையில எந்திரிச்சு, ‘இத்தனை பேரு என்னைத் தேடி வந்தாங்க’ன்னு சொல்லணும்ல?”

நியாயமான பேச்சு. மறுநாளே கியாக்தானுக்குப் படகேறினேன். துப்பாக்கி வைத்திருக்கிற வீடு வீடாக நானும் கோஜியும் ஏறி இறங்கினோம். கதிர் பால் பிடிப்பதற்குள் இந்த மசோதாவை நிறுத்தவில்லை என்றால் இந்த வருஷ வெள்ளாமை பன்றிக்குத்தான் என்று சொன்னோம். சிலர் வருகிறேன் என்றார்கள். பலர் வேலை இருக்கிறது என்றார்கள். ஆற்றுக்கு நடுவே புத்தர் பகோடா நிற்கிறதே, அதற்கு எதிர்க்கரை டீக்கடையில் ஒரு பெரிய நிலக்காரர் அகப்பட்டார். இரட்டைக்குழல் வைத்திருப்பவர். அவர் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

“சட்டம் ஒங்க ஓட்டைக் குழாய்க்குத்தான் பெரியவரே. நான் கட்டுற வரிக்கு எந்துப்பாக்கி வீட்லயே இருக்கலாமாம். விசாரிச்சுட்டேன்.”

“இன்னிக்கு எங்கள்து, நாளைக்கு ஒங்கள்துங்க.”

“நாளைக்கு வரட்டும், அப்பப் பாத்துக்குவோம். இப்ப டீயக் குடிங்க, ஆறுது.”

கோஜிக்குத் தமிழ் புரியும், பேச்சு பர்மியத்தில்தான் வரும். என் பக்கம் திரும்பி, “விடு தம்பி, இவரு துப்பாக்கி செவுத்துல தொங்குறதுக்கு. பல்லி சுடுறவரை எதுக்குப் பன்னிச் சண்டைக்குக் கூப்பிடுறே?” என்றார். பர்மியம் தெரிந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நிலக்காரருக்கும் பர்மியம் தெரியும். அவர் சிரிக்கவில்லை.

பர்மியர் விளக்குப் பண்டிகை முடிந்த கையோடு புறப்பட்டோம். இங்கேதான் ஒன்றை விளக்கிச் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் லைசன்ஸைப் புதுப்பிக்கத் துப்பாக்கியோடுதான் டாணாவுக்குப் போக வேண்டும். தாளை மட்டும் நீட்டினால் இன்ஸ்பெக்டர் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். குழாயில் வெட்டியிருக்கிற நம்பரை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்த பிறகுதான் முத்திரை விழும். துப்பாக்கி இல்லாமல் வந்தவன் எவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தாலும் சர்க்கார் கண்ணுக்கு அவன் லைசன்ஸ்காரன் இல்லை. எங்களை இப்படிப் பழக்கி வைத்தது யார்? அவர்கள்தானே?

ஆகவே லைசன்ஸ்காரர்கள் வாருங்கள் என்றதும், ஒருவரை ஒருவர் கேட்காமலே எல்லோரும் துப்பாக்கியோடு படகுக்கு வந்து நின்றோம். மருந்து இல்லை, ரவை இல்லை, வெறும் குழாய். சாக்கில் சுற்றிச் சணலால் கட்டியிருந்தோம். என் துப்பாக்கியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் இன்னும் உதிரவில்லை. கோஜி கல்யாணத்துக்குப் போகிறவர் போலப் பட்டுத் தலைத்துணி கட்டியிருந்தார்.

பசுந்தாங் படித்துறையில் இறங்கினோம். எரிந்த ஆலைக்குக் காவல் போட்டிருந்த போலீஸ்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். தமிழர்தான்.

“யோவ், சாக்குல என்னய்யா? கரும்பா?”

“துப்பாக்கிங்க,” என்றார் கூட வந்தவரில் ஒருவர், பெருமையாக.

போலீஸ்காரர் பின்னால் போன வேகத்தில் படியில் சறுக்கி விழப் பார்த்தார். சுதாரித்துக்கொண்டு விசில் ஊதினார். நாலா பக்கமிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள்.

“எல்லார்ட்டயும் லைசன்ஸ் இருக்குங்க,” என்றேன் நான்.

வாங்கிப் பார்த்தார். “இதுல கியாக்தான் எல்லைக்குள்ளன்னு போட்டிருக்கு. இது கியாக்தானாய்யா?”

“மெம்பரைப் பாக்க வந்தோம்ங்க.”

“துப்பாக்கியோடயா? நல்லாப் பாத்தீங்க போ.”

ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினார்கள். கோஜி மட்டும் சாக்கைப் பிடித்த கையை விடவில்லை. “எப்பத் திருப்பித் தருவாங்கன்னு கேளு தம்பி. கதிருக்கு முன்னாடி வேணும்னு சொல்லு,” என்றார். கேட்டேன். மாஜிஸ்திரேட் சொல்லும்போது என்று பதில் வந்தது. கோஜி கையை விட்டார்.

கைது செய்யவில்லை, பெயரை எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள். வெறுங்கையோடு மெம்பர் ஆபீசுக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் செய்தி போயிருந்தது. வராந்தாவிலேயே மறித்தார்.

“ஆயுதத்தோட டவுனுக்குள்ள வந்தீங்களாமே! எம்பேரைச் சொன்னீங்களாமே!”

“நீங்கதான் சார் வரச் சொன்னீங்க.”

“ஆளைத்தானய்யா வரச் சொன்னேன்!”

அதுவும் உண்மைதான். அதற்காக எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. கோபம் அடுத்து நடந்ததற்கு. சபையில் தண்ணீர் கொடுக்கிற பியூன் எங்கள் வரிசை வீட்டுக்காரர். அவர் சொன்னார்: மசோதா பேச்சுக்கு வந்த அன்று வேறு ஒரு மெம்பர் எழுந்து, துப்பாக்கி ஏந்திய கூட்டமே ரங்கூனில் வந்து இறங்கிவிட்டது, இதற்குமேலும் இவர்கள் கையில் துப்பாக்கியை விட்டு வைக்கலாமா என்று கேட்டாராம். எங்கள் மெம்பர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அது கூட்டம் இல்லை ஐயா, எனக்கு வோட்டுப் போட்ட கிழவனும் அவன் கூட்டாளிகளும், மருந்தில்லாத குழாயைச் சாக்கில் கட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் வாசலில் குடித்த தண்ணீருக்காவது வாயைத் திறந்திருக்கலாம். பியூனிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தாராம். அவ்வளவுதான்.

கதிர் பால் பிடித்தது. பன்றி வந்தது. நான் தகரம் தட்டினேன், கோஜி மூங்கிலைப் பிளந்து அடித்தார். இரட்டைக்குழல்காரரிடம் ஆள் அனுப்பினோம். பனியில் வந்தால் சளி பிடிக்கும் என்று சொல்லி அனுப்பினார். கோஜியின் வயலில் பாதிக்கு மேல் போயிற்று. எருமை புரண்ட குட்டை மாதிரிக் கிடந்தது. அதன் வரப்பில் நின்றுகொண்டு, “டாணாவுல எலி இருக்கும் தம்பி. என் கட்டையில சுத்தின வாரைக் கடிச்சிரும். போறப்ப கொஞ்சம் எண்ணெய் போட்டு வைக்கச் சொல்லு,” என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

துப்பாக்கிகள் இன்னும் பசுந்தாங் டாணாவில்தான் இருக்கின்றன. மசோதா நிறைவேறவில்லை, சித்திரைத் தண்ணீர்ப் பண்டிகைக்கு முன் கூடுகிற சபைக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். இடையில் அதில் ஒரு திருத்தம் சேர்த்துவிட்டார்களாம்: எவ்வளவு வரி கட்டினாலும் சரி, எத்தனை குழல் இருந்தாலும் சரி, எல்லாத் துப்பாக்கியும் டாணாவுக்கு. போன வாரம் இரட்டைக்குழல்காரர் என்னைத் தேடி வந்தார். அவர் வீட்டு வாழைப்பழம் ஒரு சீப்பு.

“அடுத்த வாட்டி மெம்பரைப் பாக்கப் போறப்ப என்னையும் கூப்பிடுங்க பெரியவரே.”

“சளி பிடிக்குமேங்க,” என்றேன்.

ஆனாலும் கூட்டிக்கொண்டுதான் போவேன். அவரும் ஒரு தலை. போன தடவை துப்பாக்கி வைத்திருந்த அத்தனை பேரும் வந்திருந்தால், எங்களைத் துப்பாக்கி ஏந்திய கூட்டம் என்று ஒருவன் எழுந்து சொல்லும்போது எங்கள் மெம்பர் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க முடியுமா? ஒரு படகு ஆள் போனோம், ஒரு படகு மரியாதைதான் கிடைத்தது.

ஆகையால் துப்பாக்கி லைசன்ஸ் வைத்திருக்கிறவர்களே, போங்கள். உங்கள் பகுதி மெம்பர் யாரோ அவரிடம் போங்கள். பர்மியரானால் பர்மியரிடம், நம்மவரானால் நம்மவரிடம். துப்பாக்கியை வீட்டில் வையுங்கள், தாளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வயல் டாணாவிலிருந்து எவ்வளவு தூரம், போன வருஷம் பன்றி எவ்வளவு தின்றது, அதைச் சொன்னால் போதும். சொல்லிவிட்டு, ‘சபையில் எழுந்து என்ன சொல்லப் போகிறீர்கள்’ என்று கேளுங்கள். பதில் வாங்காமல் வராந்தாவை விட்டு இறங்காதீர்கள்.

இதை வாசிக்கிறவருக்குத் துப்பாக்கி இல்லாமல் இருக்கலாம். பரவாயில்லை. எனக்கு வாசிக்கவே தெரியாது. க்யிம்யிண்டைங் சந்தைக்கு நெல் விற்க வருகிறவர்களிடம் சொல்லுங்கள், படகில் பக்கத்தில் உட்காருகிறவரிடம் சொல்லுங்கள். மற்றதெல்லாம் மறந்துபோனாலும், துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொன்னதை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.