பிலோமினாளுக்காக நான் சொன்ன நன்றி

பிறத்தியாருக்காக நன்றி சொல்லி வயிறு வளர்ப்பது மாதிரி கேடுகெட்ட தொழில் வேறு கிடையாது. கச்சேரி வாசலிலும் தபாலாபீஸ் வாசலிலும் மனு எழுதி விரல் தேய்ந்த என் சகாக்களே, நீங்களாவது இதை நம்புவீர்கள். நான் புதுச்சேரியில் பத்திரம் பதியும் வெள்ளைக்கார அதிகாரியான நொத்தேர் ஒருவரிடம் எழுதும் குமாஸ்தாவாக இருந்தவன். பிரெஞ்சுக் கொடி இறங்கி அவர் பிரான்சுக்குக் கப்பலேறியதும், தபாலாபீசுக்கு எதிரே மேஜை போட்டுப் பிரெஞ்சுக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். என் பிரெஞ்சைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அது என்னோடு போயிருந்தால் பரவாயில்லை.

சோற்றுப் பானை

உப்பளத்துக் கொத்தனார் அந்துவான், மகள் பிலோமினாளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மடத்துப் பள்ளியில் படிக்கிற பெண். பிரான்சிலிருக்கும் ஒரு விதவை மதாம் அவளுக்கு உபகாரச் சம்பளம் அனுப்புகிறாள். இன்னும் இரண்டு வருஷம் படித்து 'பிரெவே' பரீட்சை தேறினால் வாத்தியாரம்மா வேலை. இல்லையென்றால் அப்பாவோடு கல் சுமக்க வேண்டியதுதான். வருஷப் பிறப்புக்குள் அவள் கைப்பட நன்றிக் கடிதம் போக வேண்டும். அதைப் பார்த்துத்தான் மதாம் அடுத்த வருஷத்துக்குச் சரி சொல்வாள். நான் எழுதிக் கொடுப்பது, பிலோமினாள் அதைப் பார்த்து எழுதுவது என்று ஏற்பாடு.

அந்தப் பெண் தானே ஒன்று எழுதிக்கொண்டுதான் வந்திருந்தாள். தப்பு கிப்பு இருந்தால் மானம் போய்விடுமே என்று அந்துவானுக்குப் பயம். சாரத்திலிருந்து விழுந்ததில் அப்பாவுக்குக் கால் மடங்காதது, கூரை ஒழுகுவது, மழை வந்தால் புத்தகங்களைச் சோற்றுப் பானைக்குள் வைத்து மூடுவது, எல்லாம் அதில் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய மனுஷிக்கு எழுதுகிற கடிதத்தில் சோற்றுப் பானையா! கிழித்துப் போட்டேன். பிரெஞ்சில் கடிதத்தை முடிக்கிற வாக்கியம் நம் 'இப்படிக்கு' மாதிரி லேசுப்பட்டதல்ல. ஆளுக்குத் தக்கபடி மரியாதையை அளந்து வைக்க வேண்டும். நொத்தேரிடம் கற்ற வித்தையெல்லாம் இறக்கி, அந்த முடிப்பை மட்டுமே மூன்று வரிக்கு நீட்டினேன். உரக்க வாசித்தும் காட்டினேன். அந்துவானுக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை, ஆனால் சொக்கிப்போனார்.

"கோயில்ல பூசை கேட்ட மாதிரி இருக்குது முசியே!" என்றார்.

பதில் வந்தது

இரண்டு மாதம் கழித்துப் பதிலோடு வந்தார்கள். எழுதினவனே பதிலையும் வாசித்துச் சொல்ல வேண்டும் என்பது இந்தத் தொழிலின் இன்னொரு சாபம். அந்துவான் வெளுத்த சட்டை போட்டு வந்திருந்தார். 'இப்படி எழுதிப் பழகிய வீடு வசதியான வீடாகத்தான் இருக்கும். என் சிறு உதவியை உண்மையிலேயே வசதி இல்லாத ஒரு பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன்' என்று எழுதியிருந்தாள் அந்த மகராசி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அதை அப்படியே விழுங்கினேன். "மதாமுக்கு இந்த வருஷம் கை முடையாம், அந்துவான்" என்று கூசாமல் சொன்னேன். அவர் பாவம், மதாமுக்காக வேண்டிக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டார். என் தோளுக்குப் பின்னால் பிலோமினாள் நின்று படித்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவேயில்லை.

"அதுல அப்படி இல்லியே முசியே," என்றாள்.

மடத்தில்

வெட்கத்தை விட்டு மடத்துக்கு ஓடினேன். அங்கே தலைமைக் கன்னியாஸ்திரீயை எல்லாரும் 'மேர்' என்பார்கள். அந்தக் கடிதம் என் கைங்கரியம், அந்த வீட்டில் ஒன்றுமே கிடையாது, மதாமுக்கு நானே எழுதி ஒப்புக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். மேர் கோபப்படவில்லை, பட்டிருந்தால் தேவலை. உபகாரச் சம்பளம் வேறொரு ஏழைப் பெண்ணுக்குப் போய்விட்டது, இனி அவளிடமிருந்து பிடுங்கித்தான் இவளுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். அந்தப் பெண் யாரிடமும் போகாமல் தானே நன்றி எழுதினாளாம்.

"நாலே வரி, நாலு தப்பு. மதாம் அதைப் படிச்சிட்டு அழுதாங்களாம்," என்றார் மேர்.

கடைசிக் கடிதம்

பிலோமினாள் கல் சுமக்கப் போனாள். ஒருநாள் மத்தியானம், கையெல்லாம் சுண்ணாம்போடு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். அப்பா அனுப்பினாராம். இதுவரை படிக்க வைத்த மதாமுக்கு நன்றி சொல்லாமல் விட்டால் பாவமாம். இனி எதற்கடி நன்றி, யாருக்கு நன்றி என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனாலும் நல்ல தாளாகப் பார்த்து எடுத்து, பேனாவுக்கு மை ஊற்றினேன்.

அவள் மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். எழுதியே கொண்டு வந்திருக்கிறாள். கையை நீட்டினேன், கொடுக்கவில்லை. உறைக்குள் போட்டு, எச்சில் தொட்டு ஒட்டி, உறையை மட்டும் என் பக்கம் தள்ளினாள். மதாமின் விலாசம் என் நோட்டில்தான் இருந்தது.

"மேல விலாசம் மட்டும் எழுதிக் குடுங்க முசியே, போதும்," என்றாள்.

ஆக, இத்தனை வருஷம் நான் மாய்ந்து மாய்ந்து எழுதியதில், யார் குடியையும் கெடுக்காமல் போய்ச் சேர்ந்தது அந்த விலாசம் ஒன்றுதான்.