வலது கையில் ஒரு கூட்டல் குறி

எழுபதுகளின் கடைசியில் என் இடது மார்பில் வந்த கட்டியை அறுத்து எடுத்தார்கள். அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து வழித்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "இடது கையில ஆயுசுக்கும் ஊசி படக்கூடாதும்மா. சின்னப் புண்ணு சீழ் வச்சாலும் கை வீங்கிரும். வீங்குனா வடியாது."

கப்பலூரில் ஒரு கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். கை போனால் வேலையும் போய்விடும். அந்த வேலை ஒன்றால்தான் நான் யாருக்கும் தலைகுனியாமல் இருந்தேன்.

புற்று என்பது கணவருக்கு மட்டும் தெரியும். கோச்சடையில் என் புகுந்த வீட்டில் மற்ற எல்லோருக்கும் அது 'சின்னக் கட்டி'. சொன்னால் என் தம்ளரைத் தனியாக வைப்பார்களோ என்று பயம். பாவம் என்று பார்ப்பார்களே என்ற வீம்பு அதைவிடப் பெரிது.

ஆனால் நான் நினைவில்லாமல் கிடந்தால் கையைப் பற்றி நர்சுக்கு யார் சொல்வது? பச்சை குத்திக்கொள்ளலாம் என்று தோன்றியது. இடது கையில் கூடாது, பச்சையும் ஊசிதானே. வலது கையில், ஆஸ்பத்திரி வாசலில் போட்டிருப்பதுபோல ஒரு கூட்டல் குறி போதும், 'ஊசி இங்கே' என்று. டாக்டரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, "புது ஊசியா இருக்கணும், நல்லாக் கொதிக்க வைங்க" என்றார்.

தெருவில் பச்சை குத்த வந்த அம்மாளைக் கூப்பிட்டேன். நான் வாங்கி வைத்திருந்த ஊசிகளை அரை மணி நேரம் கொதிக்க வைத்துக் கொடுத்ததும் அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஏன் தாயி, எங்க ஊசியில என்ன சீக்கா இருக்கு?"

"சீக்கு ஒங்க ஊசியில இல்ல, எங்கிட்ட இருக்கு" என்றேன். வெளியாள் ஒருத்தியிடம் அதுவரை நான் சொன்ன ஒரே உண்மை அது. அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

வலியில் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், கூட்டல் குறியின் தலையில் மூன்று முனைகள் முளைத்திருந்தன. சூலம்! "வெறும் கூட்டலக் கையில வச்சுக்கிட்டு என்ன தாயி செய்யப் போற? இப்பப் பாரு, எம்புட்டு லட்சணமா இருக்கு" என்றாள். கத்தித் தீர்த்தேன். அவள் வெற்றிலையை மென்றுகொண்டே போய்விட்டாள். புண் சீழ் வைக்காமல் பத்து நாளில் ஆறியது. சூலத்தைப் பார்க்க எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமைதான்.

நாலைந்து வருடம் கழித்து வாந்தியும் பேதியுமாக நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மருந்து வாங்கக் கணவர் கீழே போயிருந்தார். பக்கத்தில் இருந்தது என் நாத்தனார். வயல் வேலையைப் போட்டுவிட்டு, எனக்காக மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தவள். நர்ஸ் குளுக்கோஸ் ஏற்ற என் வலது கையைத்தான் எடுத்திருக்கிறாள். நாத்தனார் பதறிவிட்டாள். "சிஸ்டர், அது சாமி இருக்குற கை. அதுல குத்தாதீக. இந்தாங்க, இந்தக் கை சும்மாத்தான இருக்கு" என்று என் இடது கையைத் தூக்கி நீட்டியிருக்கிறாள்.

கண் விழித்தபோது பாட்டில் இடது கையில் இறங்கிக்கொண்டிருந்தது. கத்த நினைத்தேன், நாக்கு புரளவில்லை. கணவர் வந்து நர்சிடம் தனியாகச் சொல்லி ஊசியை எடுக்கவைப்பதற்குள் பாட்டில் காலியாகியிருந்தது. மூன்றாம் நாள் கை சிவந்தது, காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, வீக்கம் போகவில்லை. வளையலை அறுத்து எடுத்தார்கள். ஒரு எழுத்தைத் தட்டினால் தடித்த விரல் இரண்டு எழுத்தில் விழுந்தது. வேலையை விட்டேன். அதற்குப் பிறகு காலையில் எதற்காக எழுந்திருக்கிறோம் என்றே எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் நாத்தனார் பஸ் பிடித்து வருவாள். வீங்கிய கைக்கு எண்ணெய் தடவுவாள். பிறகு வலது கையை எடுத்துச் சூலத்தின்மேல் விபூதி பூசுவாள்.

"அன்னைக்கு மட்டும் நான் இல்லேன்னா இந்தக் கையிலயே குத்தியிருப்பாக மதினி. நல்ல வேளை!"

"ஆமா" என்பேன்.