மகளைக் கூட்டிவரப் போய்

எனக்கு அறுபத்தொன்பது வயது. வளர்த்தது நாலு பேர், நாலும் உருப்படி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டாலும், பிள்ளைப்பேறு என்றால் ஆனைமலைப் பக்கம் என்னைக் கேட்காமல் யாரும் கஷாயம்கூட வைப்பதில்லை. இப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசி மகள் கோயமுத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகி வெகுநாள் கழித்துத்தான் உண்டானாள். நாலாம் மாதம் சிறுநீரில் ரத்தம் வந்தது. வலி ஒன்றும் இல்லை. சூடு என்று போனிலேயே தீர்ப்புச் சொல்லி, இளநீரும் வெந்தயமும் குடிக்கச் சொன்னேன். நல்லவேளை, என் பேச்சைக் கேட்கும் பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இல்லை. டாக்டரிடம் போனாள். ஸ்கேனில் மூத்திரப்பையில் ஒரு கட்டி தெரிந்தது. இடுப்புக்குக் கீழே மரக்கவைத்து, சிறுநீர் வரும் வழியாகவே குழாய் விட்டு எடுத்தார்கள். கேன்சர் என்று வந்தது. வயிற்றுக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கட்டி திரும்பவும் வரலாம், ரத்தம் கண்டால் உடனே ஓடிவர வேண்டும் என்றார்கள்.

ஊரில் நான் நீர்க்கடுப்பு என்று சொல்லிவைத்தேன்.

ஏழாம் மாதம் கட்டுச்சோற்று விருந்து. தாய்வீட்டார் சோறு கட்டிக்கொண்டு போய்ப் போட்டு, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வருவது எங்கள் வழக்கம். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்சோறு என்று வேனில் ஏற்றி, உறவுகளோடு போய் இறங்கினேன். எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் மகளிடம் பெட்டியை எடுக்கச் சொன்னேன்.

"நா வரலீங்கம்மா," என்றாள்.

தோட்டத்துக் காற்று, கறந்த பால், என் கைப்பக்குவம் என்று அடுக்கினேன். அவள் என்னைப் பேசி முடிக்க விட்டாள். பிறகு எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "வலி வந்தா நீங்க பாத்துக்குவீங்க. ரத்தம் வந்தா தோட்டத்துல என்னங்கம்மா பண்ணுவீங்க? இது நீர்க்கடுப்பு இல்லீங்க, கேன்சருங்க. எனக்குப் பாப்பாவும் வேணும், நானும் இருக்கோணும்."

என் கையில் தயிர்சோற்றுக் கரண்டி. யார் இலையிலாவது வைத்துவிட்டுத் தப்பிக்கலாம் என்று பார்த்தால், எல்லா இலையும் மடித்துக் கிடந்தது.

சம்பந்தியம்மாதான் வாயைத் திறந்தார். "ஏனுங்க, அம்மணி இங்கயே இருக்கட்டுங்க. நீங்களும் கூட இருந்துக்கோங்க."

சம்பந்தி வீட்டில் ஒரு வேளைக்கு மேல் கை நனைக்காதவள் நான். மாற்றுப்புடவைகூட இல்லை. வேன் கிளம்பும்போது என் நாத்தனார் ஜன்னலில் தலையை நீட்டி, "புள்ளயக் கூட்டியார வந்து ஆத்தாள வுட்டுட்டுப் போறோம்," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். சம்பந்தியம்மா கொடுத்த ஜாக்கெட்டில் என்னைப்போல் இரண்டு பேர் நுழையலாம்.

தங்கியாயிற்று, காவல் காக்க வேண்டாமா? மகள் பாத்ரூம் போனால் கதவுக்கு வெளியே நின்று என்ன நிறம் என்று கேட்பேன். "மஞ்சளுங்கம்மா. நம்பிக்கை இல்லீன்னா உள்ள வந்து பாத்துக்கோங்க," என்பாள். ஒரு நாள் பதில் வரவில்லை. வெளுத்த முகத்தோடு வெளியே வந்தாள். சிவப்பு.

மருமகன் காரை எடுத்தார். நான் வழிநெடுக மாசாணியம்மனை ஒரு நிமிடம் சும்மா இருக்கவிடவில்லை. ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்துவிட்டு, முந்தின நாள் என்ன சாப்பிட்டாள் என்று டாக்டரம்மா கேட்டார். பீட்ரூட். ரத்தம் ஊறட்டும் என்று நான்தான் பொரியலும் சாறுமாகக் கொடுத்திருந்தேன். சிறுநீரில் இருந்தது அந்தச் சாயம்தான், ரத்தம் இல்லை. டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். மகள் அடக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் அப்படியே அழுதாள். நானும் சேர்ந்துகொண்டேன்.

மாதம் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது. மகளுக்கு இன்னும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். போன தடவை சுத்தமாக இருந்தது. இன்றைக்கும் புருஷனோடு போயிருக்கிறாள். பாப்பா என் மடியில் தூங்குகிறாள். எனக்குப் பயமெல்லாம் இல்லை. பயமிருந்தால் உட்கார்ந்து இவ்வளவு எழுதியிருப்பேனா? எழுதியதை என்னாலேயே படிக்க முடியவில்லை என்பது வேறு. இங்கே காலேஜில் படிக்கிற மூத்தவன் மகள் துணைக்கு வந்திருக்கிறாள்.

"கண்ணு, அவிய வாரதுக்குள்ள இத ஒருக்காப் படி. சத்தமாவே படி, பாப்பா எந்திரிச்சா எந்திரிக்கட்டும்."