உப்பு வாருவதற்கு நான் குறித்த புதன்கிழமை

புத்தளத்தில் எங்கள் உப்பளத்தை நான் பொறுப்பேற்ற வருடம், வாழ்க்கையில் முன்னேறும் வழிகளைச் சொல்லும் ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கொழும்பிலிருந்து வரவழைத்தேன். நாளை மணிவாரியாகப் பிரிப்பவனே வெற்றியடைவான் என்றது அது. நானும் இரண்டு நிற மையில் வார அட்டவணை ஒன்று வரைந்து அலுமாரிக் கதவில் ஒட்டினேன். அதன்படி உப்பு வாருவது புதன்கிழமை.

திங்கள் காலை கங்காணி காசீம் நானா வந்தார். “மொதலாளி, கடல் பக்கம் கறுக்குது. இண்டைக்கே வாரிருவமா?”

“இண்டைக்குக் கடிதம் எழுதுற நாள், நானா. புதன்கிழமை வாருவம்.”

அவர் அலுமாரியைப் பார்த்தார். “மழைக்கும் இதுல ஒரு பிரதி அனுப்பினீங்களா?”

மூன்று மணிக்கு மழை கொட்டியது. அட்டவணைப்படி அது மனத்தைத் திடப்படுத்தும் நேரம். பாத்திகளில் விளைந்து கிடந்த உப்பு முழுவதும் கரைந்தது. வாரிய உப்புக்கே கூலி என்பதால், பன்னிரண்டு வேலையாட்களின் ஒரு மாத உழைப்பும் அதோடு போனது. அவர்களில் எவருக்கும் அந்தப் புத்தகத்தை வாசிக்கத் தெரியாது. மழை வரப்போவது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இப்போது விடிந்ததும் வரம்புக்குப் போய், காசீம் நானாவிடம் கேட்ட பிறகே அன்றைய வேலையைத் தீர்மானிக்கிறேன். புத்தகத்தைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இரவல் கேட்டார். அங்கே மழையில் கரைய ஒன்றுமில்லை என்பதால் கொடுத்துவிட்டேன்.